மூன்று மணிக்குள் அக்தாவ்

"ஜன்னலோரமே போட்டுட்டேன் அக்கா," என்று பயணச்சீட்டை நீட்டினாள் அல்மாத்தி விமான நிலையத்தின் கவுண்டர் பெண். "பன்னிரண்டுக்குக் கிளம்பி மூணு இருபதுக்கு அக்தாவ்ல இறங்குவீங்க. நல்லபடியா போயிட்டு வாங்க."

ராய்ஹான் சீட்டை வாங்கவில்லை.

"எத்தனை மணிக்கு?"

"மூணு இருபது."

"ரெண்டு இருபதுன்னு சொல்லும்மா."

"நான் சொன்னா விமானம் கேக்குமா அக்கா? நேத்துல இருந்து எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க."

ராய்ஹானின் வலது கையிலிருந்த காபிக் கோப்பை சாய்ந்தது. சூடு விரலில் பட்டது. அவளுக்கு உறைக்கவில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ராய்ஹானுக்குப் பிழைப்பே இதுதான். எந்த விமானம் எந்த வழியில் போகவேண்டும், எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்குப் போட்டு விமானிகளின் கையில் கொடுப்பவள். பதின்மூன்று வருட அனுபவம். அல்மாத்தியிலிருந்து அக்தாவுக்கு நேர்கோட்டில் இரண்டாயிரத்து எண்பது கிலோமீட்டர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் சொந்தப் பயணத்தில் முழுசாக ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை வரை அல்மாத்தியில் ஒரு நேரம், மேற்குக் கோடியில் அக்தாவில் ஒரு நேரம். இங்கே மூன்று மணி என்றால் அங்கே இரண்டு. மேற்கே பறந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, மார்ச் முதல் தேதி, நாடு முழுக்க ஒரே நேரம் என்று சட்டம் வந்தது. அல்மாத்திக் கடிகாரங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் போய் அக்தாவோடு சேர்ந்துகொண்டன. இலவசம் ரத்து.

இந்த மாற்றத்துக்காகப் போன மாதம் முழுவதும் உட்கார்ந்து நாற்பத்து மூன்று விமானங்களின் நேரத்தைத் திருத்தி எழுதியது யார்? ராய்ஹான். 'உங்கள் விமானம் சேரும் நேரம் மாறியிருக்கிறது' என்று பயணிகளுக்குப் போன குறுஞ்செய்தியின் வாசகத்தை எழுதிக் கொடுத்தது யார்? அவளேதான். அந்தச் செய்தி அவள் போனுக்கும் வந்தது. 'நான் எழுதினதை எனக்கே அனுப்புறாங்களே' என்று சிரித்துக்கொண்டு அழித்துவிட்டாள். ஜனவரியில் எடுத்த டிக்கெட்டில் இரண்டு இருபது என்று போட்டிருந்தது அப்படியே மண்டையில் தங்கிவிட்டது.

சீட்டை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் அக்தாவுக்கு போன் போட்டாள்.

"அக்கா! ஏறிட்டியா?" என்றாள் தங்கை மெருவெர்த். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

"இன்னும் இல்ல. மெரு, ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னு நீ சொன்னாலே பெருசா ஏதோ வரும்."

"மூணு இருபதுக்குத்தான் இறங்கும்."



"அதான் என் மாமியார் காலையில இருந்து தனியா சிரிச்சிட்டே இருந்தாங்களா!" என்றாள் மெருவெர்த். "காலண்டரைப் பாத்துட்டு, 'உங்க அக்கா பெரிய கணக்குப் புலியாச்சே, பாப்போம்'னாங்க. எனக்குப் புரியலை. அக்கா, கல்யாணத்துக்கு நம்ம பக்கத்துல இருந்து ஒரு ஆள் வரலை. புள்ளை பொறந்த விருந்துக்கும் வரலை. இன்னிக்கும் வரலைன்னா என்னை அநாதைன்னே முடிவு கட்டிடுவாங்க."

"வந்துடுவேன்."

"எப்படி?"

"அதை யோசிக்கத்தான் போனை வைக்கிறேன்."

மெருவெர்த்தின் மகள் இன்காருக்குப் பதினோரு மாதம். ஜனவரியிலேயே முதல் அடி எடுத்து வைத்துவிட்டாள். அப்படி நடக்கத் தொடங்கிய குழந்தையின் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் தளர்வாகக் கட்டி, ஒருவரை அழைத்து வெட்டச் சொல்வார்கள். வெட்டுகிறவரின் நடையும் குணமும் குழந்தைக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. அதனால் சோம்பேறிகளையும் தடுக்கி விழுகிறவர்களையும் யாரும் கூப்பிடுவதில்லை. மெருவெர்த் தன் அக்காவைக் கூப்பிட்டாள். அங்கேதான் மாமியார் உல்போசின் குறுக்கே வந்தாள்.

உல்போசின் இருபத்தெட்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வீட்டில் சூப்புகூடக் குறித்த நேரத்துக்குத்தான் கொதிக்கும். ஜனவரியில் வீடியோவில் வந்து நேராகவே சொன்னாள்.

"வானத்துல வர்றவளை நம்பி நான் கத்தரியைக் கொடுக்க முடியாது சம்பந்தி. கல்யாணத்துக்கு வர்றேன்னே. பனிமூட்டம்னு சொன்னே. விருந்துக்கு வர்றேன்னே. டூட்டின்னு சொன்னே. நீ வெட்டி என் பேத்தி காலம் பூரா எல்லா இடத்துக்கும் லேட்டா போகணுமா?"

"இந்தத் தடவை சத்தியமா வந்துடுவேன் சம்பந்தியம்மா."

"சத்தியம் யாருக்கு வேணும்? நேரம் சொல்றேன், கேட்டுக்க. நாலு மணிக்கு வெட்டு. மூணு மணிக்குள்ள நீ அக்தாவ் வந்து சேந்துட்டா கத்தரி உன் கையில. மூணு தாண்டிடுச்சா, என் தங்கச்சி ஸிபாஷ் கையில. அரை நிமிஷம் முன்னப் பின்னன்னு எங்கிட்ட பேச்சே கிடையாது. எங்க ரயில் ரெண்டரை நாள் ஓடி வரும், ஆனா சொன்ன நேரத்துக்கு வரும்."

"மூணென்ன, ரெண்டு இருபதுக்கே வந்து உங்களுக்கு டீ ஊத்தித் தர்றேன்," என்று ராய்ஹான் மார்தட்டியதும் அன்றைக்குத்தான்.

இருபது நிமிடம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருபது நிமிடத்தைத் திருட வேண்டும்.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியும். அட்டவணை நேரம் வேறு, வானத்து நேரம் வேறு. மூன்று மணி இருபது நிமிடம் என்று போடுவதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரம், வரிசையில் நிற்கிற நேரம், எதற்கும் இருக்கட்டும் என்று சேர்க்கிற நேரம் எல்லாம் அடக்கம். சேர்த்தவளே அவள்தானே! எல்லாம் சரியாக அமைந்தால் மூன்றுக்குள் போய் நிற்கலாம். எல்லாம் என்றால் எல்லாமும். அதில் ஒன்று பிசகினாலும் ஸிபாஷ் கையில் கத்தரி.

வாயிலருகே கேப்டன் ஒராஸாலி எதிரே வந்தார். நரைத்த மீசை, கக்கத்தில் தொப்பி.

"என்ன தங்கச்சி, நீ போட்ட கணக்குல இன்னிக்கு நீயே பறக்குறியா? அப்ப எரிபொருள் சரியாத்தான் இருக்கும்."

"அண்ணே, சிரிக்காம கேளுங்க," என்று தொடங்கி நடந்ததைச் சொன்னாள் ராய்ஹான்.

அவர் பாதியிலேயே சிரித்தார். முடிவில் தொப்பி கீழே விழுந்தது.

"நாப்பத்து மூணு விமானத்தைத் திருத்தினவ ஒரு டிக்கெட்டைத் திருத்தலையா? இதை நான் ஓய்வு பெறுற வரைக்கும் சொல்லுவேன். ஆனா ஒண்ணு, உனக்காக ஒரு சொட்டு எண்ணெய்கூட அதிகமா எரிக்க மாட்டேன். அப்படி எரிச்சா, ஏன் எரிச்சீங்கன்னு எனக்குக் கடிதம் எழுதுறதே நீதான்."

"நான் கேக்கவே இல்லையே அண்ணே."

"கேக்காதே. ஆனா நேரத்துக்குக் கதவை மூடிக் கொடுத்தா நேரத்துக்குக் கிளப்புவேன். அது என் வேலை." தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பதினொன்று நாற்பது. வரிசை கரைந்துவிட்டது. எல்லாரும் ஏறிவிட்டார்கள். ராய்ஹான் கடைசியாக நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். வாயிலில் இருந்த பணியாளர் உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரு ஆளைக் காணோம். துர்சின்கான்னு பேரு. மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"விட்டுட்டுப் போகவேண்டியதுதானே?"

"பெட்டி உள்ள போயிடுச்சே அக்கா. ஆள் வரலைன்னா பெட்டியைத் தேடி இறக்கணும். இருபது நிமிஷம் ஆகும்."

அந்த இருபது என்ற சொல் ராய்ஹான் காதில் இடியாக விழுந்தது. அடுத்த நொடி அவள் கைப்பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

கழிப்பறை வாசலில் நின்று கூப்பிட்டாள். இல்லை. புத்தகக் கடையில் இல்லை. தூங்குகிற இரண்டு பேரை எழுப்பித் திட்டு வாங்கினாள். மூன்றாவது டீக்கடையில், தட்டு நிறையப் பொரித்த மாவு உருண்டைகளும் பால் டீயுமாக, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் நரித்தோல் தொப்பி. காலடியில் ஒரு பை. பையிலிருந்து குதிரை இறைச்சித் தொத்திறைச்சியின் வாசம்.

"துர்சின்கான் ஐயாவா?"

"ஆமா மகளே. உக்காரு. டீ சொல்லட்டுமா?"

"ஐயா, விமானம் கிளம்பப்போகுது!"

"பன்னிரண்டுக்குத்தானே? இப்பத்தான் பத்தே முக்கால் ஆகுது." மணிக்கட்டை நீட்டினார். பெரிய வட்டக் கடிகாரம். பத்தே முக்கால்தான் காட்டியது.

"பதினொண்ணே முக்கால் ஐயா!"

"அதெப்படி? புது நேரத்துக்கு மாத்தினேனே. வியாழக்கிழமை படுக்கப்போறப்ப நானே ஒரு மணி நேரம் பின்னால திருப்பி வச்சேன்."

ராய்ஹானுக்குப் பொறி தட்டியது. "மறுநாள் காலையில உங்க வீட்டம்மாவும் திருப்பி வச்சாங்களா?"

பெரியவர் உருண்டையை மெல்வதை நிறுத்தினார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"அடிப்பாவி! அதான் நேத்துப் பூரா பசி ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துச்சா!"

"போனைப் பாக்கலையா நீங்க?"

"அதை நான் நம்பமாட்டேன். தானா நேரத்தை மாத்திக்கிடுது. யாரைக் கேட்டு மாத்துது?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. பாவம், எவனோ ஒரு துர்சின்கான் விமானத்தைத் தவற விடப்போறான்னு நினைச்சேன்."

ராய்ஹான் பையைத் தூக்கிக்கொண்டாள். பெரியவர் தட்டிலிருந்த உருண்டைகளைத் தொப்பிக்குள் கொட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஓடினார்கள். "மகளே, மெதுவா! குதிரை உள்ள இருக்கு, நான் வெளிய இருக்கேன்!" என்று பையைக் காட்டிக் கத்திக்கொண்டே அவர் வந்தார். வாயிலில் கிடந்த தன் கைப்பையை ராய்ஹான் அள்ளிக்கொள்ள, பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு இருவரும் உள்ளே விழுந்தார்கள். பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குக் கதவு மூடியது. பன்னிரண்டு ஒன்பதுக்குச் சக்கரம் தரையை விட்டது.

பெரியவரின் இடம் ராய்ஹானுக்குப் பக்கத்து இருக்கை. தொப்பியை நீட்டினார். "சாப்பிடு. என்னால உனக்கு ஏதாச்சும் கெட்டுப்போச்சா?"

அவள் கதையைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. "நான் குடிச்ச டீ ஒரு புள்ளையோட கால்ல வந்து விழுந்துச்சே! இப்ப எப்ப போய்ச் சேரும்?"

ராய்ஹான் ஒரு காகிதக் கைக்குட்டையில் எழுதினாள். "எதிர்காத்து மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். நம்ம வேகத்துல அதைக் கழிச்சா எழுநூத்து நாப்பது. வழி ரெண்டாயிரத்து நூத்துத் தொண்ணூறு கிலோமீட்டர். மூணு ஆறுக்குத் தரையைத் தொடும். நிக்கிறதுக்கு இன்னும் நாலு நிமிஷம்."

"நேர்கோடு ரெண்டாயிரத்து எண்பதுன்னு இப்பத்தானே சொன்னே? நடுவுல நூறு சொச்சத்தை எவன் சொருகினான்?"

"ராக்கெட் விடுறதுக்காக வானத்துல ஒரு இடம் ஒதுக்கி வச்சிருக்காங்க ஐயா. அதை ஒட்டி வளைஞ்சு போகணும். இன்னிக்கு ராக்கெட் எதுவும் இல்லை. கீழ இருக்குற கட்டுப்பாட்டு ஆளு மனசு வச்சா நேராப் போன்னு சொல்லுவான்."

"அவனுக்கு போன் போடு!"

"அது முடியாது ஐயா."

"அப்ப என்னதான் பண்ணுறது?"

"உருண்டை சாப்பிடுறதுதான்."

ராய்ஹான் ஜன்னலோரம் சாய்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுபக்க ஜன்னல். மதிய வெயில் முழங்காலில் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. வழி வளைந்தபடியே போனால் அந்தச் சதுரம் அங்கேயே கிடக்கும். விமானம் இடதுபுறம் ஒடித்து நேர்வழிக்குத் திரும்பினால் அது நகரும். பயணிகளில் யாருக்கும் இது தெரியாது. அவளுக்கு மட்டும் இப்போது உலகமே அந்த முழங்கால்தான்.

ஒரு மணி ஆயிற்று. சதுரம் அசையவில்லை.

ஒன்று பதினைந்து. பெரியவரும் அவள் முழங்காலை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். நடுவழியில் வண்டி தள்ளிக்கொண்டு வந்த பணிப்பெண் இருவரையும் பார்த்துவிட்டு, "கால் வலியா அக்கா?" என்றாள்.

அந்த நேரத்தில் இறக்கை லேசாகச் சாய்ந்தது. வெயில் சதுரம் முழங்காலை விட்டு வழுக்கி இருக்கையின் கைப்பிடியில் போய் உட்கார்ந்தது.

"நேரா விட்டுட்டான்!" என்று ராய்ஹான் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொண்ணூறு கிலோமீட்டர் மிச்சம்! ஏழு நிமிஷம்! ரெண்டு அம்பத்தொம்பதுக்குத் தரை!"

"அப்ப ஜெயிச்சாச்சா?"

"இல்ல. ஊர்ந்து போய் நிக்க நாலு நிமிஷம் வேணுமே. மூணு மூணு ஆயிடும்."

பெரியவர் ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முன் இருக்கையில் இருந்த தாயிடம் மன்னிப்புக் கேட்டார்.

கீழே காய்ந்துபோன அரால் கடல் வெள்ளை வெளேரென்று போய்க்கொண்டிருந்தது. இரண்டு முப்பத்தைந்துக்குக் கேப்டன் ஒராஸாலியின் குரல் வந்தது.

"பயணிகளுக்கு வணக்கம். அக்தாவ்ல வெயிலா இருக்கு. கடல்ல இருந்து காத்து நல்லா அடிக்குது. அதனால கடல் பக்கம் சுத்தாம, வந்த திசையிலேயே நேரா இறங்குறோம். அஞ்சு நிமிஷம் மிச்சமாகும்." குரல் கொஞ்சம் தயங்கியது. "இதுக்கு எரிபொருளும் குறைவுதான். சம்பந்தப்பட்டவங்க குறிச்சுக்கட்டும்."

ராய்ஹான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதிர்காத்து கெட்டதுன்னியே மகளே?" என்றார் பெரியவர்.

"வழியில கெட்டது. இறங்குறப்ப நல்லது."

"என் மச்சினன் இதுக்கு நேர்மாறு. வழியெல்லாம் நல்லவன், வீட்டுக்குள்ள நுழைஞ்சாத்தான் கெட்டவன்."

இரண்டு ஐம்பத்து நான்கு. சக்கரம் தரையைத் தொட்டது. ராய்ஹான் போனை உயிர்ப்பித்தாள். ஓடி ஓடி வேகம் குறைந்து, விமானம் ஓடுபாதையிலிருந்து திரும்பியது. வீடியோ அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போதே, இரண்டு ஐம்பத்தேழுக்கு, நிலையத்துக்கு நூறு மீட்டர் முன்னால் விமானம் பட்டென்று நின்றது.

"ஏன் நின்னுச்சு?" என்று பெரியவர் எழுந்தார்.

"உக்காருங்க ஐயா!" என்று மூன்று பேர் கத்தினார்கள். இதற்குள் சுற்றியிருந்த நாலு வரிசைக்கும் கதை பரவிவிட்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே எண்ணெய் லாரி ஒன்று குறுக்கே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் சூரியகாந்தி விதை கொறிப்பதுகூடத் தெரிந்தது.

அழைப்பு கிடைத்தது. திரையில் உல்போசின். வெள்ளைத் தலைத்துணி, நெஞ்சில் பழைய ரயில்வே பதக்கம். பின்னால் விருந்துக்கூடத்துச் சுவர்க்கடிகாரம். அவள் பக்கத்தில் தங்கை ஸிபாஷ், கையில் ரிப்பன் கட்டிய கத்தரியோடு.

"எங்க இருக்க சம்பந்தி?"

"அக்தாவ்ல சம்பந்தியம்மா!"

"காட்டு."

ராய்ஹான் போனை ஜன்னலில் வைத்தாள். லாரி விலகியது. விமானம் மறுபடி நகர்ந்தது. கட்டடம் பக்கத்தில் வந்தது. ஒரு விளக்குக் கம்பம் ஜன்னலுக்குள் நுழைந்து, நடுவில் வந்து, நின்றது. என்ஜின் ஓசை அடங்கியது.

ஆனால் கதவு திறக்கவில்லை. படிக்கட்டு வண்டியைக் காணோம். தூரத்தில் ஒருவன் அதைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தான். அது இருமியது. கிளம்பவில்லை.

உல்போசினின் சுவர்க்கடிகாரம் மூன்றைத் தொட்டது. அவளே திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மூணு. உன் கால் எங்க இருக்கு சம்பந்தி?"

"விமானத்துல."

"அப்ப விமானம் வந்து சேந்துச்சு. நீ சேரலை. ஸிபாஷ், கத்தரியைப் பத்திரமா வச்சுக்க."

திரையின் ஓரத்தில் மெருவெர்த்தின் முகம் தெரிந்தது. அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ராய்ஹான் போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். 

"சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கலாமா? ஸ்டேஷன்ல பதிவேடு எழுதுவீங்களே. ரயில் வந்த நேரம்னு எதை எழுதுவீங்க? கடைசிப் பயணி கீழ இறங்கின நேரத்தையா?"

"அதெப்படி எழுதுவாங்க?" என்றாள் உல்போசின் கோபமாக. "மூட்டை முடிச்சோட அரை மணி நேரம் இறங்குவாங்க. சக்கரம் நின்ன நேரத்தைத்தான் எழுதணும்."

"கதவு தொறந்த நேரத்தை?"

"கதவு கண்டக்டர் வேலை. ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சக்கரம்தான்..."

அங்கேயே நின்றுவிட்டாள்.

விமானத்தில் நாலு வரிசையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஸிபாஷ் கத்தரியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். உல்போசின் கண்களை மூடினாள். இருபத்தெட்டு வருடப் பதிவேடுகளில் ஒரு நிமிடம்கூடப் பொய் எழுதாத கை அது. இன்றைக்கு மட்டும் எழுதுமா?

"ரெண்டு தடவை நின்னுச்சு," என்றாள் மெதுவாக. "முதல்ல நின்னது ரெண்டு அம்பத்தேழு. அதை எடுத்துக்க மாட்டேன். அது சிக்னல்ல நின்ன மாதிரி."

"சரி சம்பந்தியம்மா."

"ரெண்டாவதா நின்னதுதான் பிளாட்பாரம். அந்தக் கம்பம் ஜன்னல்ல நின்னப்ப நானே என் கடிகாரத்தைப் பாத்தேன்." கண்ணைத் திறந்தாள். "ரெண்டு அம்பத்தொம்பது. நேரத்துக்கு வந்துட்டே. கத்தரி உனக்குத்தான்."

விமானமே கைதட்டியது. துர்சின்கான் போனுக்குள் தலையை நுழைத்து, "நல்ல சேதி! நல்ல சேதி! சேதி சொன்னவனுக்குப் பரிசு எங்க?" என்று கூவினார்.

"யாரது?"

"கடிகாரத்தை ரெண்டு தடவை பின்னால திருப்பினவர் சம்பந்தியம்மா."

"அந்த ஆளை என் கண்ணுல காட்டாதே," என்றாள் உல்போசின். ஆனால் சிரித்துவிட்டாள்.

ஸிபாஷ் பெருமூச்சு விட்டாள். "ஆண்டவன் காப்பாத்தினான். எனக்கே முட்டிவலி. நான் வெட்டியிருந்தா புள்ளை உக்காந்தே கிடந்திருக்கும். இதைச் சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு அக்கா."

படிக்கட்டு வந்தது மூன்று ஒன்பதுக்கு. டாக்ஸி கூடத்தை அடைந்தது மூன்று நாற்பத்தேழுக்கு. மெருவெர்த் வாசலுக்கே ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். பிறகு கணவன் வீட்டாரைப் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாக, "இது எங்க அக்கா!" என்றாள்.

நாலு மணி. நூற்றிருபது பேருக்கு மேசை போட்டிருந்தது. வந்திருந்தவர்கள் பதினோரு பேர். மூன்று என்று அழைத்தால் ஐந்துக்கு வருவது ஊர் வழக்கம். அதை உல்போசினால்கூட மாற்ற முடிந்ததில்லை.

"கொஞ்சம் பொறுப்போமா அத்தை?" என்றாள் மெருவெர்த்.

"எதுக்கு? ரயில் காத்திருக்குமா? சம்பந்தி, வெட்டு."

வெள்ளைத் துணி விரித்திருந்தது. இன்கார் அதன் நுனியில் தள்ளாடி நின்றாள். தங்கநிறச் சரிகைச் சட்டை, குண்டுக் கன்னம், கால்களில் கறுப்பு வெள்ளைக் கயிறு. ராய்ஹான் மண்டியிட்டாள். கயிற்றுக்கு அடியில் கத்தரியை நுழைத்தாள். ஒரு வெட்டு. கயிறு இரண்டாக விழுந்தது.

இன்கார் கீழே பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு யார் கையையும் பிடிக்காமல் நடந்தாள். ஐந்து அடி. பத்து அடி. துணி முடிந்தது. அவள் நிற்கவில்லை. மேசைகளுக்கு நடுவே நேராக வாசலை நோக்கிப் போனாள்.

வாசற்கதவு திறந்தது. குளிர்காற்றோடு முதல் கும்பல் விருந்தாளிகள், பெரிய பெரிய பெட்டிகளுடன் உள்ளே வந்தார்கள்.

"அடடே, நம்மளை வரவேற்க வர்றதைப் பாரு!" என்று ஒரு பெண்மணி கையை விரித்தாள்.

"வரவேற்கலை," என்றாள் உல்போசின் பின்னாலிருந்து. "நேரமாச்சுன்னு வெளிய கிளம்பிட்டா."